அம்மாவுக்கு யாரும் மருந்து வைக்கவில்லை

இன்னும் பிறக்காத உனக்கு,

நீ மகனா மகளா என்பது எனக்குத் தெரியாது. உன் அப்பா யார் என்பதும் தெரியாது. பர்கூரில் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய்க்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பிள்ளை வளர்ந்து ஆளாகி வெளியூர் போயிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு காலம் கிடைக்குமா என்று நிச்சயமில்லை. எங்கள் குடும்பத்தில் சிலருக்கு நாற்பதைத் தாண்டினால் பெற்ற பிள்ளையின் பெயரே நினைவில் நிற்பதில்லை. அதனால் நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது என்னைவிட மூத்தவனாகவோ மூத்தவளாகவோ இருப்பாய். அப்போதும் நான்தான் உன் அம்மா. சொல்வதைக் கேட்டுக்கொள்.

புழுக்கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பட்டுப்புழு கூடு கட்டப்போகும் கடைசி நாட்களில் இரவிலும் தின்னும். இரவுத்தீனி போடுவது என் வேலை என்பதால் இங்கே விளக்கு எரிந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. யாராவது வந்தால் தாளை மல்பெரி இலைக்கு அடியில் தள்ளிவிடுவேன். கை நடுங்குகிறது. பயத்தால்தான் நடுங்குகிறது, வேறெதனாலும் இல்லை. இந்த வீட்டில் இனிமேல் யாருக்குக் கை நடுங்கினாலும் எதனால் என்று சொல்லிவிடுவது நல்லது.

நாளைக் காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது. என் பெரியம்மா, அதாவது அப்பாவின் இறந்துபோன அண்ணனுடைய மனைவி, என் அம்மாவுக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டாள் என்பது வழக்கு. நான்தான் சாட்சி. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, ‘ஆமாம், பெரியம்மா கொடுத்ததை அம்மா தின்றாள்’ என்று நான் சொன்னால் போதும், பெரியம்மாவை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள். மருந்து வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாமல் இருந்தால் சந்தோஷம். ஒருவரை வசப்படுத்தவோ உருக்குலைக்கவோ எதையோ அரைத்துத் தின்பண்டத்தில் கலந்து கொடுத்துவிடுவார்களாம். இங்கே மைசூர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதை நம்பாதவர்கள் இல்லை. தண்ணீர் முறைக்குத் தமிழில் ஒருவரும் கன்னடத்தில் ஒருவரும் தெலுங்கில் ஒருவரும் சண்டை போடுவார்கள். மருந்து விஷயத்தில் மூன்று பாஷைக்கும் ஒரே பேச்சுதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ பிறக்கும்போது அவள் இருக்கமாட்டாள். அவள் வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள், இலைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் துரத்திப் பிடிப்பாள். பொங்கலுக்கு மறுநாள் கூடையோடு வரப்பில் சரிந்து விழுந்தாள். “செருப்பு வழுக்கிடுச்சு” என்றாள். அன்று அவள் செருப்பே போட்டிருக்கவில்லை. அதன்பிறகு ஈர வரப்பில் நடப்பவள்போலக் காலை அகட்டி வைத்தே நடந்தாள், சமையலறையில்கூட. பிறகு நாக்கு குழறியது. பிறகு தூக்கம் போனது. விடிய விடிய உட்கார்ந்து விரல்களால் இல்லாத இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப்போடும். இப்போது ஆனி மாதம். என்னைப் பார்த்து, “நீ யாரு வூட்டுப் பொண்ணு கண்ணு?” என்று கேட்கிறாள். “உன் வூட்டுப் பொண்ணுதான்மா” என்றால், “பொய் சொல்லாத, எம் பொண்ணு கறுப்பு” என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இதற்கு நடுவில், பங்குனியில்தான் யுகாதி வந்தது. பெரியம்மா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. குழந்தை கிடையாது, பின்கட்டில் தனியாகச் சமைக்கிறாள். யுகாதிக்கு ஒப்பட்டு, நாம் போளி என்போமே அதைச் சுட்டு, என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, “புட்டி, இது உங்கம்மாக்கு மட்டும். தேங்கா பூர்ணா. அவளுக்குப் பருப்பு ஆகல்ல, வாயு” என்றாள். புட்டி என்றால் குட்டிப்பெண். தட்டில் நான்கு இருந்தன. பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு வருவதற்குள் ஒன்றை நான் தின்றுவிட்டேன். நெய் மணத்தது, என்ன செய்வது. மீதியை அம்மா தின்றாள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அப்போது வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது ‘உங்கம்மாக்கு மட்டும்’ என்பது மட்டும்தான்.

சித்திரை கடைசியில் அம்மாவை வண்டியில் ஏற்றிப் பேரிகைச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைப்பார். அம்மாவுக்கு அப்போதே விழுங்கச் சிரமம். சாறு மூச்சுக்குழாயில் போய் முகம் நீலமாகிவிட்டது. கடைசியில் அவர் வாந்தியில் கைவிட்டு மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டி, “பாருங்க, வேலை முடிஞ்சது. வெச்சவ பொம்பள. ஒறவுக்காரி” என்றார். கூட்டம் “அப்பப்பா” என்றது. அந்த உருண்டை நனையவே இல்லை என்பதை நான் பார்த்தேன். சொன்னேன். சித்தப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டு இன்னும் வலிப்பதாக வைத்துக்கொள். நீ ஒன்றைக் கண்ணால் பார்த்தால் பார்த்தேன் என்று சொல். குட்டு விழும். விழட்டும்.

வேலை முடியவில்லை. அம்மாவுக்கு இன்னும் மோசமானது. அதன்பிறகே ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருக்கும் டாக்டரம்மா தெற்கே நாகர்கோவில் பக்கம். சிலுவைச் சங்கிலி போட்டிருப்பார், பேச்சு பாட்டுப்போல ஏறி இறங்கும். அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையைத் தட்டினார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு அப்பாவிடம், “இவங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?” என்று கேட்டார். அப்பா, “யாருக்கும் இல்லீங்க” என்றார். அம்மாவின் தங்கை, ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்திருக்கும் என் சித்தி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், பக்கத்திலேயே நின்றாள். அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அம்மைப்பால் குத்துகிற படம். அதை அவ்வளவு நேரம் பார்க்க அதில் எதுவும் இல்லை.

மல்பெரித் தோட்டத்தில் இலை பறிக்கும்போது சித்தியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன். “தாத்தா எப்படிச் செத்தாரு சித்தி?”

“பாம்புப் புத்தக் கடப்பாரையால இடிச்சாரு. பாம்பு சாபம். ஊருக்கே தெரியும்.”

“சாகறதுக்கு முன்னாடி எப்படி நடந்தாரு?”

பறிக்கிற கை நின்றது. “எதுக்குடி கேக்கற?”

“காலை அகட்டி நடந்தாரா?”

“ரொம்பப் படிச்சிட்டடி நீ.” இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

“பெங்களூரு மாமா?”

பெங்களூர் மாமா என்பது அம்மாவின் அண்ணன். அங்கே ஒரு தொழிற்சாலையில் டர்னர். மெஷினில் கை நடுங்குகிறது, ஷிப்டுக்குக் குடித்துவிட்டு வருகிறான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். குடித்தே செத்தான் என்றுதான் இன்றுவரை பேச்சு. சித்தி கூடையைக் கீழே வைத்தாள். “அவன் மோந்துகூடப் பாத்ததில்ல” என்றாள் மெதுவாக. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற மாதிரி. “இத வாயத் தொறந்த, அவ்ளோதான். எனக்கு முப்பத்தஞ்சு ஆவுது. எம் பொண்ணு வயசுக்கு வந்திருக்கா. உன்னையும் பர்கூர்க்காரங்க பாத்துட்டுப் போயிருக்காங்க. ரத்தத்துல வர்ற நோவுன்னு தெரிஞ்சா நாய்கூட வாசப்படி மிதிக்காது. அந்தக் கன்னடத்தி ஒத்தக்கட்டை. போனா அவ பொறந்த ஊருக்குப் போவா. நமக்குப் போக எடமே இல்லடி.”

சித்தி கெட்டவள் இல்லை. இரவெல்லாம் அம்மாவுக்குத் துணி மாற்றுகிறவள் அவள்தான். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. தாத்தா ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் செத்தார், அங்கே பாம்பு. மாமா பெங்களூரில் செத்தார், அங்கே சாராயம். அம்மா இங்கே சாகிறாள், இங்கே பெரியம்மா. மூன்று ஊரிலும் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்ததால் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மா இந்த மூன்று ஊரில் இந்த ஊரைத் தவிர வேறெங்கும் கால் வைத்ததே இல்லை. உனக்கும் ஒருநாள் காரணம் புரியாத கஷ்டம் வரும். அப்போது யார் செய்தது என்று முதலில் கேட்காதே. முன்னால் எது நடந்தது, பின்னால் எது நடந்தது என்று கேள். அம்மா விழுந்தது பொங்கலுக்கு. ஒப்பட்டு வந்தது யுகாதிக்கு. பின்னால் வந்த ஒப்பட்டு முன்னால் விழுந்தவளை எப்படித் தள்ளிவிடும்?

போன மாதம் ஓட்டப்பந்தயத்துக்கு எங்களை ஓசூருக்குக் கூட்டிப்போனார்கள். என் ஓட்டம் முடிந்ததும், டீச்சர் நீளந்தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நழுவி, முதுகில் குத்திய எண்ணோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளே, மைதானத்துல இருந்து இங்க வரைக்கும் பந்தயமா?” என்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே தாத்தாவையும் மாமாவையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் உனக்குச் சொல்கிறேன். உன் காலத்தில் டாக்டர்கள் இதைவிட நிறையத் தெரிந்துவைத்திருப்பார்கள், நீ என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். மூளை கடற்பஞ்சுபோலத் துளைத்துளையாகப் போய்விடுகிற நோய் ஒன்று இருக்கிறது. அபூர்வமானது. சில பேருக்கு எங்கிருந்து என்று தெரியாமலே வருகிறது. சில குடும்பங்களில் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய தீவில் மலைக்காட்டு மக்களுக்கும் இதைப்போலவே ஒன்று உண்டாம். அவர்களும் முதலில் காலைத்தான் அகட்டுவார்களாம்.

“அங்க உள்ளவங்களும் சூனியம்னுதான் சொன்னாங்க, கேட்டியா. யாரு வெச்சதுன்னு தேடிப்போயி ஆளையே கொன்னிருக்காங்க. கடைசில பாத்தா, செத்துப்போன சொந்தக்காரங்கள பாசத்துல சாப்பிடுற வழக்கம் அவங்களுக்கு. அதுல இருந்துதான் பரவுதுன்னு இப்ப நெனைக்காங்க. செத்தவங்க மூளைய எடுத்து மனிதக் குரங்குக்கு ஊசி போட்டுப் பாத்திருக்காங்க. ரொம்ப நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் அந்தக் குரங்கும் தள்ளாடிருச்சு.”

“நாங்க யாரையும் சாப்பிடலியே டாக்டரம்மா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. “அதான் பிள்ளே எனக்கும் புரியல்ல. அங்க வாயால வருது, உங்க வீட்டுல ரத்தத்தால வருது. ரெண்டும் ஒரே நோயா, அண்ணன் தம்பி நோயான்னு யாருக்கும் முடிவாத் தெரியாது. கொதிக்க வெச்சாலும் சாகாத கிருமிங்காங்க. கிருமியே இல்லங்கவங்களும் உண்டு. உங்கம்மாவுக்கு அதுதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதுமாதிரிதான் இருக்கு. மருந்து இல்ல. அதையும் சொல்லிடுதேன்.”

“எனக்கு வருமா?”

“பூவா தலையா போட்ட மாதிரி. ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது. உனக்கு எதுன்னு பாக்க எந்தக் கருவியும் கெடையாது.”

தெரியாது என்று அவ்வளவு படித்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் தெரியாது என்று யாரும் சொல்வதே இல்லை. பாம்பு, சாராயம், கன்னடத்தி என்று உடனே ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் திரும்பி ஓடும்போது என் நெஞ்சில் இருந்தது அழுகை இல்லை, கோபம். அந்தத் தீவில் நோயால் செத்தவர்களை விடு. நோயை வைத்தாய் என்று சொல்லிக் கொல்லப்பட்டார்களே, அவர்களுக்கு எந்த வியாதியும் இல்லையே.

சுலபமான வழி ஒன்றை முதலில் முயன்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம், தாத்தா, மாமா எதையும் இழுக்காமல் பெரியம்மாவைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நேற்றுச் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், “அந்தத் தட்டுல ஒரு ஒப்பட்டு நானும் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே?” என்றேன். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “பேரு சொல்லி வெக்கற மருந்து பேரு உள்ளவங்களத்தான் புடிக்கும். உன்ன ஏன் புடிக்கப்போவுது?” என்றார். சித்தி எனக்குக் குழம்பு ஊற்றினாள், தேவைக்கு அதிகமாகவே. அந்த வழி மூடிவிட்டது. மிச்சம் இருப்பது ரத்தத்தில் வரும் நோவு என்று சொல்லிவிடுகிற ஒரு வழிதான். அந்த வழியில் நான் போனால் பர்கூர் போய்விடும், சித்தி மகளுக்கு வரும் வரனும் போய்விடும், ஒருவேளை நீயும் போய்விடுவாய். பர்கூர்க்காரரை நான் விரும்பினேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் நினைத்ததில்லை. அவருக்குச் சைக்கிள் இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாளை நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. பெரியம்மா கொடுத்தாள், அம்மா தின்றாள், இரண்டும் நிஜம். அந்த இரண்டு நிஜத்தோடு வாயை மூடிக்கொண்டால் போதும். அரை நிஜத்தைச் சொல்லிக் கற்பூரத்தை அணைத்தால் கை சுடாது என்று சித்தி சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சித்தப்பாவைக் கண்டு பயம், அப்பாவின் முகத்தைக் கண்டு பயம், என் கால்களைக் கண்டு பயம். தட்டுகளில் புழுக்கள் தின்றுகொண்டிருக்கின்றன. இவற்றைப் பார்த்தபடி ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நாளை சொல்ல வாய் வருமா பார்ப்போம்.

*

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன். வலது கை உள்ளங்கையில் கொப்புளம். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நடுக்கம் என்று நினைத்துவிடாதே.

காலையில் கோயில் முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றப்போகிறார்கள் என்று வாத்தியார் சொன்னபோது வராத கூட்டம். பெரியம்மா வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். ஊர்க்கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்து, “பாப்பா, பயப்படாம சொல்லு. யுகாதி அன்னிக்கு உங்க பெரியம்மா ஒப்பட்டு குடுத்து அனுப்புனது நெசமா?” என்றார்.

“நெசந்தான்.”

“உங்கம்மாக்கு மட்டும்னு சொன்னாளா?”

“சொன்னாங்க.”

“அவ்ளோதான!” என்றார் சித்தப்பா. “கற்பூரத்த ஏத்துங்க.”

“நான் இன்னும் முடிக்கல சித்தப்பா.”

“அடேயப்பா, டீச்சரம்மா பாடம் எடுக்கறாங்க, எல்லாரும் கையக் கட்டுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் போயிற்று. அழப்பார்த்த எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா பொங்கலுக்கே விழுந்ததைச் சொன்னேன். தாத்தா நடந்த நடையை நடந்தே காட்டினேன். மாமாவின் கை நடுங்கியதைச் சொன்னேன்.

“பொய்!” என்று சித்தி கத்தினாள். “எங்கப்பாவுக்குப் பாம்பு சாபம்! எங்கண்ணன் குடிச்சே செத்தான்!”

நான் சித்தியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். ஊர்க்கவுண்டரைப் பார்த்து, “நீங்க பட்டுப்பூச்சி முட்டை வாங்கப் போனா மொதல்ல என்ன கேப்பீங்க?” என்றேன்.

“தாய்ப்பூச்சியப் பாத்தாச்சான்னு கேப்பேன்.”

“ஏன்?”

“ஏன்னா? தாய்ப்பூச்சிக்கு நோவு இருந்தா முட்டையிலயே வந்துரும். அத நசுக்கிப் பூதக்கண்ணாடியில வெச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே.”

“பூச்சிக்குத் தாய்கிட்ட இருந்து நோவு வரும்னு இங்க எல்லாருக்கும் தெரியுது. புழு செத்தா தாய்ப்பூச்சியக் கேக்கறோம், பக்கத்து வூட்டுக்காரி மேல பழி போடறதில்ல.”

“கண்ணு பட்டுச்சுன்னு அதுக்கும் போடுவோம்!” என்றது அதே குரல். மறுபடி சிரித்தார்கள். ஆனால் ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் சித்தப்பா எழுந்தார். “சரி, நோவு முட்டைய என்னா பண்ணுவோம்னு சொல்லு. கொளுத்திடுவோம். உங்கம்மாக்கு ரத்தத்துல வந்த நோவுன்னா, அப்ப உன்ன என்னா பண்றது?”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். “டேய்” என்றார் தம்பியைப் பார்த்து. “இன்னொரு வார்த்தை வந்துச்சு, பல்லு இருக்காது.”

நான் சொன்னேன். இதை நான்தான் சொன்னேன் என்பது எனக்கே இப்போது நம்பமுடியவில்லை. “கொளுத்தறதுன்னா என்னக் கொளுத்துங்க சித்தப்பா. பெரியம்மா பேரச் சொல்லிக் கொளுத்தாதீங்க. இந்த நோவு ஏன் வருதுன்னு பெரிய டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா ஒப்பட்டுல வரல. அது எனக்குத் தெரியும்.”

ஊர்க்கவுண்டர் கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று சொல்லி அணைத்தேன். முழு நிஜத்தைச் சொன்னாலும் கை சுடத்தான் செய்கிறது, உனக்கும் தெரிந்திருக்கட்டும். பிறகு இன்னொரு கட்டி ஏற்றி, “பொய்யின்னு சொன்னியே தாயி, நீ அணை” என்று சித்தியிடம் தட்டை நீட்டினார். சித்தி கையை நீட்டினாள். சுடருக்கு ஒரு சாண் மேலே அவள் கை நின்றது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். கற்பூரம் எரிந்து, தானாகவே அடங்கியது. சித்தி கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

தீர்ப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அவங்கவங்க தோட்டத்தப் பாருங்க” என்றார். பெரியம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்து, வாழைச்சாறு பிழிந்து விட்டபடி திட்டினாள். “உன்ன யாரு கேட்டா? நான் ஆனேக்கல்லுக்குப் போயிருப்பேனே. என் வயசுக்கு எங்க இருந்தா ஏனு? உன் மதுவே போச்சே, புட்டி.” ஏனு என்றால் என்ன, மதுவே என்றால் கல்யாணம். “நீங்க போனாலும் அம்மாவுக்கு நோவு போகாது பெரியம்மா. எனக்கும் போகாது” என்றேன். அவள் திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே அழுதாள். பர்கூரிலிருந்து ஆள் வந்து, அவர்கள் யோசிக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போனான். இங்கேயிருந்து பர்கூருக்குச் சேதி இவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரிந்திருந்தால் தபாலாபீஸே கட்டியிருக்க வேண்டாம்.

சித்தி மத்தியானமே கிளம்பிவிட்டாள். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு பேரிகைப் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன். பஸ் வரும் தூசி தெரிந்தபோது, என்னைப் பார்க்காமலே, “எம் பொண்ணு வாழ்க்கைய நடுக்கோயில்ல போட்டு ஒடச்சிட்ட. உன்ன சாவற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

“அந்த டாக்டரம்மா எந்தக் கெழம இருப்பாங்க?”

“செவ்வாயும் வெள்ளியும் சித்தி.”

“செவ்வாக்கெழம வரேன். உங்கப்பாகிட்ட சொல்லாத.”

“சொல்லுவேன் சித்தி.”

பஸ் நகர்ந்தது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, “சொல்லு போ” என்றாள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் வருகிறார். டாக்டரம்மாவிடம் கேட்க எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்பேன். நீ வருவாயா மாட்டாயா என்பதை நான் பெரியவளான பிறகு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் கட்டிக்கொள்பவரிடம் சொல்லிவிட்டு, அவரும் நானும் சேர்ந்து முடிவு செய்வோம். வந்துவிட்டால், இந்த நோவுக்குக் காரணம் உனக்கு முழுதாகத் தெரிகிறவரை தெரியாது என்றே சொல். அந்த இடத்தில் எந்த மனுஷியின் பெயரையும் கொண்டுவந்து வைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெறப்போகிறவளோ பெறாமலே போகிறவளோ, எப்படியானாலும் உன் அம்மா